ஒன்றும் தெரியாத கை

பூஜ்யம் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது.

கேரள எல்லையோரம், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கூடம். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பெரியவர்களான பிறகு எழுதுகிற பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் வகுப்பு நடக்கும். துல்யதா என்று மலையாளத்தில் பெயர். சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்திருப்போம். எனக்குச் சும்மாவே ஓரிடத்தில் உட்கார வராது. கால் ஆடிக்கொண்டே இருக்கும், பெஞ்சும் சேர்ந்து ஆடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடை பாய், "ஏம்மா, பஸ்ல போற மாதிரியே இருக்குது, டிக்கெட் எடுக்கோணுமா?" என்று கேட்பார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டுப் படிக்க வந்த மனுசன், கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை.

அன்று கரும்பலகையில் இருந்த கணக்கு இதுதான். ஒரு கூடையில் இருபது மாம்பழங்கள். அவற்றில் ஐந்து அழுகியவை. பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அது அழுகியதாக இருக்கும் சாத்தியம் என்ன?

பூஜ்யம்தான். வேறு என்ன வரும்? நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு முதலமடைப் பக்கம் மாங்காய்க் கொட்டகையில் தரம் பிரிக்கப் போனவள். சீசனுக்குச் சீசன், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், கூடையைப் பார்த்து யார் எடுத்தோம்? முகத்தைத் திருப்பி பக்கத்துப் பெண்ணோடு ஊர்க்கதை பேசிக்கொண்டேதான் எடுப்போம். காம்புப் பக்கம் கட்டைவிரல் பட்டால் போதும், உள்ளே கெட்டிருக்கிறதா இல்லையா என்று கை சொல்லிவிடும். டெல்லிக்குப் போகிற பெட்டியில் ஓர் அழுகல் விழுந்தால் மறுநாள் வேலைக்கு வராதே என்பார்கள். அப்படிப்பட்டவளிடம் வந்து, பார்க்காமல் எடுத்தால் அழுகல் வருமா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

சார் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நிதானமாகத்தான் சொன்னார். மொத்தம் இருபது, கெட்டது ஐந்து, இருபதில் ஐந்து, சுருக்கினால் நாலில் ஒன்று. நான் விடவில்லை. கண்ணை மூடினாலும் எனக்கு வராதுங்க என்றேன். மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அடுத்த வாரம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தனை வீம்பு பிடிக்க எனக்கு நேரம் ஏது? நான் எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஆயா. சமைப்பேன், கூட்டுவேன், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவேன். டீச்சர் மீட்டிங்குக்குப் போகிற நாளில் பாட்டும் கதையும் நான்தான். பிள்ளைகள் என் மடியில்தான் தூங்கும். இருந்தாலும் ஆயா ஆயாதான், டீச்சர் டீச்சர்தான். அந்த டீச்சர் ஓய்வு பெறும் நாள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் இடத்துக்கு வர பத்தாம் வகுப்பு வேண்டும், வயது வரம்பும் இருக்கிறது. எனக்கு அந்த வரம்பு வாசலில் வந்து நின்றுவிட்டது. அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும், பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆசை என்று சொன்னால் சின்னதாகத் தெரியும். எனக்கு அது வயிற்றில் பசி மாதிரி இருந்தது.

மற்ற பாடமெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். கணக்கிலும் விகிதம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டு பிள்ளைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்றால் பதினேழு பிள்ளை வந்த நாளில் எவ்வளவு என்று அடுப்படியில் தினமும் போடுகிற கணக்குதானே. இந்தச் சாத்தியம் என்கிற பாடம்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய கொட்டகையில் கேட்டு வாங்கி, ஒரு கட்டைப்பை நிறைய மாம்பழம் கொண்டுபோனேன். நல்லது பதினைந்து, கெட்டது ஐந்து. பாய் தன் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். இறுக்கிக் கட்டுங்க பாய், அப்புறம் பேச்சு வரக்கூடாது என்றேன். கையை விட்டேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நல்ல பழமாக எடுத்து எடுத்து மேசையில் வைத்தேன். கடைசியில் பைக்குள் ஐந்து அழுகல் மட்டும் கிடந்தன. கண்கட்டை அவிழ்த்தபோது கை தட்டினார்கள். நான் சாரைப் பார்த்தேன், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று.

அவரும் கைதட்டிக்கொண்டுதான் நின்றார். பிறகு சொன்னார்: "அக்கா, நீங்க பாத்துத்தானுங்க எடுத்தீங்க. கண்ணால பாக்கல, வெரலால பாத்தீங்க. கணக்குல வர்ற கை ஒண்ணும் தெரியாத கையா இருக்கோணுங்க."

எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. அந்தப் பழங்களை எல்லோரும் பங்கு போட்டுத் தின்றார்கள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஒன்றும் தெரியாத கை என்று உலகத்தில் ஒன்று உண்டா? அந்த வாரம் முழுக்க எனக்கு இதே வேலை. பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பார்த்தேன், பையைப் பார்க்காமலே சரியான சில்லறையை எடுத்தது. வெங்காயக் கடையில் பார்த்தேன், எந்தக் கையும் முதலில் பட்டதை எடுக்கவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கிறார். எல்லையில் டாக்ஸி ஓட்டுகிறார், தினம் ஒரு லாட்டரிச் சீட்டு. அந்தச் சீட்டையும் சும்மா எடுக்கமாட்டார். ஏழில் முடிகிறது ரொம்ப நாளாக வரவில்லை, அதனால் இப்போது ஏழு வந்தே தீரும் என்று கடைக்காரரை விரட்டி விரட்டித் தேடச் சொல்வார். ஒரு சீட்டும் விழுந்ததில்லை. ஆனால் அவர் கைக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அவரிடம் போய் இந்தக் கணக்கைக் கேட்டேன். இருபது பழத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்தால் என்ன கேடு என்றார். இந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரே கட்சியாகிவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது.

பரீட்சை வந்தது. மாம்பழம் வரவில்லை. ஒரு பெட்டியில் பன்னிரண்டு பல்பு, மூன்று பியூஸ் போனவை, பார்க்காமல் ஒன்றை எடுத்தால் பியூஸ் போனது வர சாத்தியம் என்ன என்று வந்திருந்தது. எனக்கு விடை தெரியும். நாலில் ஒன்று. கை எழுதவும் போய்விட்டது. ஆனால் மண்டைக்குள் ஒரு குரல், ஏய், பல்பைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே கம்பி கிலுகிலு என்று சத்தம் போடுமே, அதுகூடத் தெரியாதவனா எடுக்கிறான் என்று. எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். கால் ஆடி ஆடி பெஞ்சு கிறீச்சிட்டது, மேற்பார்வைக்கு நின்ற அம்மா இரண்டு முறை வந்து முறைத்தார். கடைசியில் சனியன் என்று பூஜ்யத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மணி அடிக்கப் போகிற நேரம். எனக்கு நன்றாகத் தெரிந்த விகிதக் கணக்குகள் பின்பக்கம் அப்படியே கிடந்தன.

கணக்கில் போய்விட்டது. கொஞ்சத்தில் போய்விட்டது. பாய் பாஸ்.

எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? பாத்திரத்திடம் காட்டினேன். அங்கன்வாடியில் தட்டு கழுவுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். மறுபடி எழுத ஒரு வாய்ப்பு இருந்தது. அதையும் விட்டால் வயது தாண்டிவிடும், அதோடு கதை முடிந்தது. சார் போன் போட்டு, அக்கா, அந்தப் பாடத்தையே தொடாதீங்க, மத்ததுலேயே மார்க் வந்துரும் என்றார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. தொடாமல் விடுவதா? தொட்டுத் தொட்டே பிழைத்தவள் நான்.

அப்புறம் அடுத்த மாங்காய் சீசன் வந்தது. யாரோ தோட்டத்துக்காரர் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கூடைப் பழம் கொடுத்துவிட்டுப் போனார். கலந்து கட்டி இருந்தது, பழுத்தது, பழுக்காதது, அடிபட்டது எல்லாம். எப்போதும் நானே பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். அன்று அடுப்பில் பால் இருந்தது, ஒரு பயல் டிரவுசரை நனைத்துவிட்டான், நான் கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது மூன்று வயசுச் சிறுமி ஒருத்தி கூடை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே கூடைக்குள் கையை விட்டாள். கையில் பட்டதை எடுத்தாள். பச்சைக் கல்லு மாதிரி ஒரு காய். அழுத்திப் பார்க்கவில்லை, முகரவில்லை, திருப்பிப் போடவில்லை. கடித்தாள். கண் இரண்டும் சுருங்கியது. மறுபடி கடித்தாள்.

கரண்டியோடு நின்றுவிட்டேன். அவளுக்குக் கூடையில் உள்ள எல்லாமும் ஒன்றுதான். எது வந்தாலும் வரலாம், ஒன்றைவிட மற்றொன்று வருவதற்குக் காரணமே இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் கணக்கு போட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லத்தானா சார் இத்தனை நாள் தொண்டை வறளக் கத்தினார்? அப்படியே தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் படம் போடுகிற சாக்கட்டியை எடுத்து சிமெண்டுத் தரையில் எழுதினேன். இருபதில் ஐந்து, நாலில் ஒன்று. பன்னிரண்டில் மூன்று, அதுவும் நாலில் ஒன்று. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தன. பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது.

இரண்டாவது தடவை கணக்குப் பரீட்சையில் என் கால் ஆடவில்லை என்று சொன்னால் பொய். ஆடியது. ஆனால் கை நின்றது. முடிவு வந்த அன்று வீட்டுக்காரர் போனை நீட்டினார், பாஸ். அவர் அன்று வாங்கிய லாட்டரிச் சீட்டைக்கூட மறந்துவிட்டார்.

டீச்சர் வேலைக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. எங்கள் அங்கன்வாடிக்கு மட்டும் பலர் வந்திருந்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கு ஒரே மதிப்பெண். ஒன்று நான். மற்றவள் கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவள், கைக்குழந்தைக்காரி. கமிட்டியில் பேசிப் பேசிப் பார்த்தார்கள், ஒரு முடிவுக்கும் வரவில்லை. நறுக்கெடுப்பு வைத்துவிடலாம் என்றார்கள். சீட்டுக் குலுக்கி எடுப்பதுதான். எங்கள் பக்கம் ஓட்டுச் சமமாகிவிட்டால் பஞ்சாயத்துத் தலைவரையே அப்படித்தான் எடுப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கிளார்க் எங்கள் கண் முன்னாலேயே இரண்டு சீட்டு கிழித்தார். முதலில் என் பெயரை எழுதினார். எழுதி, நாலாக மடித்து, நகத்தால் ஓரத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அடுத்து அவள் பெயரை எழுதினார். எழுதி முடிக்கும்போது அவருக்குப் போன் வந்துவிட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே ஒரு கையால் அதை மடித்து டப்பாவில் போட்டார். டப்பாவை மூடிக் குலுக்கினார். யாராவது ஒருத்தர் எடுத்தால் போதும் என்றார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அக்காவே எடுக்கட்டுமுங்க. எனக்குக் கை வரலீங்க" என்றாள்.

டப்பாவை என் முன்னால் நீட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டேன், பழக்கம்.

ஒன்று உப்பி மெத்தென்று இருந்தது. மற்றது தட்டையாக, ஓரம் கூராக, அழுத்தி மடித்த காகிதம். என் விரல் அதைப் பிடித்துவிட்டது. நான் பிடிக்கச் சொல்லவில்லை, அதுவே பிடித்துக்கொண்டது, டெல்லிப் பெட்டிக்கு நல்ல பழத்தைப் பிடிக்கிற மாதிரி. வெளியே எடுத்தால் முடிந்தது. நான் டீச்சர். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் குற்றம் என்று சொல்ல முடியாது. மடித்தது நானா? எடுக்கச் சொன்னது அவர்கள்தானே?

ஆனால் எனக்குத் தெரியுமே. இந்த டப்பாவில் இப்போது பாதிக்குப் பாதி இல்லை. அவளுக்குப் பூஜ்யம். அவள் முந்தானைக்குள் எந்தச் சாமியையெல்லாமோ கும்பிட்டுக்கொண்டிருந்தாள், பாதி இருக்கிறது என்று நம்பி. பாழாய்ப்போன சார், பாழாய்ப்போன கணக்கு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளாகவே இருந்திருந்தால் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். கை நல்ல கை என்று சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பேன். இத்தனை கஷ்டப்பட்டு இதைப் படித்ததே இந்த வேலைக்காகத்தான், அதுவே இப்போது கையைப் பிடித்து இழுக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்ல? வியர்வை கழுத்தில் ஓடியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, கிளார்க், என்ன ஆச்சு என்று கேட்டார்.

சீட்டை விட்டுவிட்டேன். கையை வெளியே இழுத்தேன்.

"உள்ள எறும்பு கடிச்சிருச்சுங்க" என்றேன். "ஏதாச்சும் கொழந்தைய உட்டு எடுக்கச் சொல்லுங்க."

டப்பாவில் எறும்பா என்று அவர் எட்டிப் பார்த்தார். பிறகு வராந்தாவில் எதற்கோ காத்திருந்த ஒருவரின் குழந்தையைக் கூப்பிட்டார்கள். மறுபடி குலுக்கினார்கள். குழந்தை கையை விட்டு இரண்டு சீட்டையும் சேர்த்து அள்ளியது. ஒன்றுதான், ஒன்றுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அது எங்கோ சுழல்கிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒன்றைக் கீழே விட்டது, ஒன்றை நீட்டியது. நீட்டியது உப்பலாக இருந்தது. பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சிரித்து வைத்தேன். பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றபோது அழுதேன், வாய்விட்டு. இரண்டு பஸ்ஸை விட்டேன். வீட்டில் சீட்டு விழவில்லை என்று மட்டும் சொன்னேன். எல்லாம் அதிர்ஷ்டம் என்றார் வீட்டுக்காரர், லாட்டரிக்காரருக்கு வேறு என்ன தெரியும்? சார் போன் போட்டார். "பாதிக்குப் பாதிங்க சார், மத்தப் பாதி வந்துருச்சு" என்றேன்.

இப்போது அவள்தான் எங்கள் டீச்சர். அந்த நாற்காலியில் உட்கார்கிறாள், பிள்ளைகள் அவளைத்தான் டீச்சர் என்று கூப்பிடுகின்றன. நல்ல பெண்தான், அதுவே சில நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருக்குவதற்கு நாற்காலியை நகர்த்தும்போது வேண்டுமென்றே சத்தமாக இழுப்பேன்.

இந்த சீசனிலும் தோட்டத்துக்காரர் கூடை கொண்டுவந்தார். "அக்கா, நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றாள். நான் ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமே திரும்பாமல் கூடைக்குள் கையை விட்டு, ஒரு செந்தூரப் பழத்தை எடுத்து நீட்டினேன். வாங்கித் தின்றாள். தித்திப்பு என்றாள். பிறகு கையில் கொட்டையோடு என்னையே பார்த்தாள். பார்க்காமலே எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டாள். விரல் பட்டால் தெரியும், மாங்காய்க் கொட்டகையில் இருந்தவள்தானே என்று சொல்லிவிட்டேன், வாய் சும்மா இருக்குமா?

பிள்ளைகள் கை கழுவப் போன பிறகுதான் கேட்டாள்: "அக்கா, அன்னிக்கு எறும்பு கடிக்கலதானுங்க?"

"கடிச்சுதுங்க டீச்சர்" என்றேன். "இன்னும் கடுக்குது."